லெஸ்லி மான்சர்: இருபது வயதில் விழுந்த குண்டுவீச்சு விமானி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் எப்படிச் செத்தார்கள் என்பதற்கு ஒரு வரிக் குறிப்புகூடக் கிடையாது. கிளம்பினார்கள், திரும்பவில்லை, அவ்வளவுதான். டெல்லியில் பிறந்து பெல்ஜியத்தில் விழுந்த லெஸ்லி மான்சரின் கடைசி அரைமணி நேரம் மட்டும் நமக்குக் கிட்டத்தட்ட முழுதாகத் தெரியும். அது எப்படித் தெரிந்தது என்பதும் அவருடைய சாவைப் போலவே சொல்லப்பட வேண்டிய கதை.

யார் இந்த மான்சர்?

லெஸ்லி தாமஸ் மான்சர். 1922 மே 11 அன்று புதுடெல்லியில் பிறந்தார். அப்பா இந்திய அஞ்சல், தந்தித் துறையில் பொறியாளர். பையனை டார்ஜிலிங் மலைச்சரிவில் உள்ள குர்சியாங் விக்டோரியா பள்ளியில் சேர்த்தார்கள். பிறகு குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ராட்லெட் என்ற ஊரில் குடியேறியது. பக்கத்தில் இருந்த ஆல்டனம் பள்ளியில் மீதிப் படிப்பு. 1942 மே 31 அதிகாலை இறந்தார். இருபதாவது பிறந்தநாள் கழிந்து சரியாக இருபது நாள்.

இந்தியாவில் பிறந்தவர் என்றால் அவர் இந்தியரா?

இல்லை. காலனி அரசில் வேலை பார்த்த ஆங்கிலேயக் குடும்பத்துப் பிள்ளை. அந்தக் காலத்தில் இப்படி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இங்கே பிறந்து, மலைப் பள்ளிகளில் படித்து, பதின்பருவத்தில் கப்பலேறி, அதுவரை படத்தில் மட்டும் பார்த்த 'சொந்த ஊருக்கு'ப் போனார்கள். அவரை நம்மவர் என்று கொண்டாட வேண்டியதில்லை. பிறந்த ஊரைச் சொல்லாமல் விடவும் வேண்டாம்.

விமானப்படைக்கு எப்படிப் போனார்?

தரைப்படை எடுக்கவில்லை, கடற்படையும் எடுக்கவில்லை. 1940 ஆகஸ்டில் விமானப்படை எடுத்துக்கொண்டது. பிரிட்டன் மீது ஜெர்மன் விமானங்கள் நாள்தோறும் வந்துகொண்டிருந்த மாதம் அது. விமானி ஆக முன்வரும் பையன்களைத் திருப்பி அனுப்பும் நிலையில் யாரும் இல்லை. 1941 மே மாதம் அதிகாரியாக நியமனம். அந்த ஆகஸ்டில் லிங்கன்ஷயரில் இருந்த 50ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவில் சேர்ந்தார். சேர்ந்த இரண்டாம் நாளே பிராங்க்பர்ட் மீது குண்டு போடப் போன விமானத்தில் இருந்தார். வயது பத்தொன்பது.

குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர்கள் எல்லோருமே தாமாக முன்வந்தவர்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை இருந்தது. ஆனால் பறக்கும் பணிக்கு யாரையும் கட்டாயப்படுத்தி ஏற்றியதில்லை.

அவர் ஓட்டிய 'மான்செஸ்டர்' எப்படிப்பட்ட விமானம்?

மோசமான விமானம். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆவ்ரோ நிறுவனம் செய்த மான்செஸ்டருக்கு இரண்டே எஞ்சின்கள். ரோல்ஸ் ராய்ஸின் 'வல்ச்சர்' என்ற அந்த எஞ்சின், இரண்டு பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்களை முதுகோடு முதுகு ஒட்டி ஒரே தண்டைச் சுழற்றும்படி அமைத்தது. மொத்தம் இருபத்து நான்கு சிலிண்டர். காகிதத்தில் நன்றாக இருந்தது. வானத்தில் சூடேறியது, தீப்பிடித்தது, சொல்லாமல் நின்றது. இரண்டில் ஒன்று நின்றால் மற்றொன்றை வைத்துக்கொண்டு உயரத்தைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நடக்காத காரியம். சுமார் 200 விமானங்களோடு உற்பத்தியை நிறுத்தினார்கள். 1942 ஜூனுக்குப் பிறகு அதைப் போருக்கு அனுப்பவே இல்லை.

இதே உடலை வைத்து, வடிவமைப்பாளர் ராய் சாட்விக் இறக்கையை நீட்டி, நம்பகமான நான்கு மெர்லின் எஞ்சின்களைப் பொருத்தினார். அதுதான் லாங்காஸ்டர், அந்தப் போரின் மிகப் பேர்பெற்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம். மான்சர் கடைசியாகப் பறந்த அதே தாக்குதலுக்கு 46 மான்செஸ்டர்கள் போயின, 4 திரும்பவில்லை. 73 லாங்காஸ்டர்கள் போயின, ஒன்றுதான் திரும்பவில்லை. எந்த விமானம் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதில் எத்தனை பேரின் ஆயுள் அடங்கியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

'ஆயிரம் விமானத் தாக்குதல்' என்கிறார்களே, அது ஏன் நடந்தது?

1942 பிப்ரவரியில் ஆர்தர் ஹாரிஸ் குண்டுவீச்சுப் படையின் தலைவராக வந்தபோது அந்தப் படையையே கலைத்து விமானங்களைக் கடற்படைப் பணிக்கும் தரைப்படை உதவிக்கும் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு இருந்தது. காரணம், முந்தைய ஆண்டு வெளிவந்த பட் அறிக்கை. இலக்கைத் தாக்கிவிட்டோம் என்று திரும்பி வந்து சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைல் தூரத்துக்குள்ளாவது போயிருந்தது என்று விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து அது காட்டிவிட்டது. ஐந்து மைல் என்பது மயிலாப்பூரைக் குறிவைத்துப் போட்ட குண்டு கிண்டியில் விழுவது போல. அதையும் மூன்றில் இரண்டு பேர் எட்டவில்லை.

ஆகவே ஹாரிஸுக்கு ஒரு பெரிய காட்சி தேவைப்பட்டது. ஒரே இரவில், ஒரே நகரத்தின் மேல், ஆயிரம் விமானங்கள். அவர் கையில் போருக்குத் தயாராக இருந்தவை அதில் பாதிகூடத் தேறாது. கடற்படைத் தலைமையின் சொற்படி இயங்கிய விமானப்படைப் பிரிவான கடலோரப் படையிடம் கேட்டார். கடற்படைத் தலைமை கடைசி நேரத்தில் தர மறுத்தது. மிச்சத்தைப் பயிற்சிப் பிரிவுகளிலிருந்து இழுத்தார்கள். பயிற்றுநர்கள், பாதிப் பயிற்சி முடித்த மாணவர்கள், ஓய்ந்துபோன பழைய விமானங்கள் எல்லாம் சேர்ந்து 1,047 ஆயிற்று. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிற்சிப் பிரிவு விமானங்கள். முதலில் குறித்த இலக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம். வானிலை ஒத்துவராததால் கொலோன் என்று முடிவாயிற்று. ஒரு நகரத்தின் தலையெழுத்தை மேகம் மாற்றி எழுதிய இரவு அது.

எல்லா விமானங்களும் ஒரே பாதையில், ஒரே வேகத்தில், ஆற்றொழுக்குப் போல நெருக்கமாகப் போய் ஒன்றரை மணி நேரத்துக்குள் குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது திட்டம். ஜெர்மன் காவல் அமைப்பு ஒவ்வொரு கட்டமாக வானத்தைப் பிரித்துக் கண்காணித்தது. ஒரு கட்டத்துக்குள் ஒரே சமயத்தில் இத்தனை விமானங்கள் நுழைந்தால் திணறிப்போகும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது.

மே 30 இரவு மான்சரின் விமானத்தில் என்ன நடந்தது?

லிங்கன் நகரை ஒட்டிய ஸ்கெல்லிங்தார்ப் தளத்திலிருந்து இரவு பதினொரு மணி சுமாருக்குக் கிளம்பினார்கள். எண் எல்7301. தலைக்கணக்கைக் கூட்டுவதற்காக அவசரமாகக் கொண்டுவரப்பட்ட விமானங்களில் ஒன்று. மான்சரையும் சேர்த்து ஏழு பேர். வயிற்றில் தலா நான்கு பவுண்டு எடையுள்ள 1,260 தீக்குண்டுகள்.

சுமை அதிகம், எஞ்சின்கள் சூடேறின. 7,000 அடிக்கு மேல் விமானம் ஏற மறுத்தது. இந்த நிலையில் திரும்பிவிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. பல விமானங்கள் எஞ்சின் கோளாறைச் சொல்லித் திரும்புவது வழக்கந்தான். மான்சர் திரும்பவில்லை.

கொலோனை நெருங்கும்போதே தேடொளி விளக்குகள் பிடித்துக்கொண்டன. ஒரு விளக்கில் மாட்டினால் அடுத்த நிமிடம் அக்கம்பக்கத்து விளக்குகள் எல்லாம் அதே புள்ளிக்குத் திரும்பும். பீரங்கிகளுக்கு அதற்குப் பிறகு தேடும் வேலை இல்லை. குண்டு போடும் சில நிமிடங்கள் நேர்கோட்டில், ஆடாமல் அசையாமல் போக வேண்டும். அந்த வெளிச்சத்துக்குள் அப்படியே போனார். குண்டுகள் விழுந்தன. திரும்பும்போது அடி விழ ஆரம்பித்தது.

விளக்கிலிருந்து தப்ப விமானத்தைச் சரித்துத் திருப்பி ஆயிரம் அடிக்கும் கீழே இறக்கினார். பலனில்லை. நகரத்தின் எல்லை தாண்டும்வரை வெளிச்சமும் குண்டும் துரத்தின. பின்புறத் துப்பாக்கி வீரர் காயம்பட்டார். முன்னறை முழுக்கப் புகை. இடது எஞ்சின் கொதித்தது. அந்த நேரத்தில் ஏழு பேரும் குதித்திருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள், போர்க்கைதிகளாக. விமானத்தையும் ஆட்களையும் எதிரியிடம் விட்டுவிடக் கூடாது என்று முடிவு செய்து மெல்ல 2,000 அடிக்கு ஏற்றினார்.

அப்போது இடது எஞ்சின் தீப்பிடித்தது. இறக்கை வழியாகப் பெட்ரோல் தொட்டியை நோக்கி நகரும் தீ அது. தானாக அடங்குமா, எல்லாவற்றையும் கொளுத்திவிடுமா என்று பார்த்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து நிமிடம். தீ அடங்கியது, எஞ்சின் செத்தது, இறக்கையில் ஒரு பகுதி எரிந்துபோயிருந்தது. எடையைக் குறைக்கக் கழற்ற முடிந்ததையெல்லாம் வெளியே எறிந்தார்கள். ஆனாலும் வேகம் குறைந்துகொண்டே போயிற்று, உயரமும் கூடவே. ஊர்போய்ச் சேர முடியாது என்று தெரிந்ததும் இங்கிலாந்தில் எது மிகப் பக்கமோ அந்தத் தளத்துக்குத் திசையை மாற்றினார்.

அதுவும் எட்டவில்லை. பெல்ஜியத்தின் வடகிழக்கில், ப்ரே என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்தில், விமானம் கட்டுக்குள் நிற்காமல் உதறத் தொடங்கியது. குதியுங்கள் என்று உத்தரவிட்டார்.

அவரும் குதித்திருக்கலாமே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. முடியாது என்பதுதான் பதில். காரணம் வீரம் என்பதற்கு முன்னால் விசை.

இடப்பக்க எஞ்சின் நின்றுவிட்டது, வலப்பக்க எஞ்சின் முழு வேகத்தில் இழுக்கிறது. அப்போது விமானத்தின் மூக்கு இடது பக்கமாகத் திரும்பப் பார்க்கும், இடது இறக்கை தாழும். வலது காலால் மிதியை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டு, கைகளால் சக்கரத்தை எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டு இருந்தால்தான் அது நேராகப் போகும். வேகம் நிறைய இருந்தால் சுக்கான் காற்றைப் பிடித்து உதவும். வேகம் இறங்க இறங்கச் சுக்கானுக்கு உயிர் போய்விடும். காலை எடுத்த கணத்தில் விமானம் கவிழ்ந்து சுழலும். சுழலும் விமானத்துக்குள் இருப்பவர்களை விசை சுவரோடு அறைந்துவிடும். கதவு இரண்டடி தள்ளி இருந்தாலும் போய்ச் சேர முடியாது.

ஆகவே மற்றவர்கள் வெளியேறும்வரை ஒருவர் அந்த மிதியில் கால் வைத்திருக்க வேண்டும். இருக்கையில் இருந்தவர் மான்சர். இரண்டாம் விமானியான சார்ஜென்ட் லெஸ்லி பேவிஸ்டாக் அவருடைய பாராசூட்டை எடுத்துக் கொடுத்தார். மான்சர் அதைக் கையால் தள்ளிவிட்டு, இன்னும் சில விநாடிதான் என்னால் பிடிக்க முடியும், நீ உடனே குதி என்றார். பேவிஸ்டாக் குதித்தபோது தரை மிகப் பக்கத்தில் இருந்தது. பாராசூட் முழுதாக விரியக்கூட நேரமில்லை. தண்ணீர் நிறைந்த பள்ளம் ஒன்றில் விழுந்ததால் பிழைத்தார். இறங்கிக்கொண்டிருந்தவர்களின் கண்ணெதிரே விமானம் விழுந்து எரிந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்கலாம். மான்சர் அந்த இரவில் எடுத்த முடிவுகள் எல்லாமே சரி என்று சொல்ல முடியாது. சூடேறும் எஞ்சினோடு இலக்குக்குப் போனது, குதிக்க நேரம் இருந்தபோது குதிக்காதது இரண்டும் விவாதத்துக்குரியவை. கொஞ்சம் முன்னாலேயே எல்லோரையும் குதிக்கச் சொல்லியிருந்தால் அவர் உயிரும் தங்கியிருக்கும். ஆனால் கடைசி விநாடிகளில் எடுத்த முடிவில் விவாதத்துக்கு இடமில்லை. அவர் காலை எடுத்திருந்தால் இன்னும் சிலர் செத்திருப்பார்கள்.

குதித்த ஆறு பேர் என்ன ஆனார்கள்?

நேவிகேட்டர் பார்ன்ஸ் மட்டும் ஜெர்மானியரிடம் பிடிபட்டுப் போர் முடியும்வரை கைதியாக இருந்தார். மற்ற ஐந்து பேரும், காயம்பட்ட துப்பாக்கி வீரர் உட்பட, தப்பினார்கள்.

தப்பினார்கள் என்று நாம் ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். நடந்தது வேறு. இருட்டில் வயல்வெளியில் விழுந்த அந்நிய நாட்டு ஆட்களை ஒரு பெல்ஜியக் கிராமத்துக் குடும்பம் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. பிடிபட்டால் விமானப்படை ஆளுக்குக் கைதி முகாம்; ஒளித்து வைத்த விவசாயிக்கு மரண தண்டனை. இந்த ஏற்றத்தாழ்வு தெரிந்தேதான் கதவைத் திறந்தார்கள்.

அங்கிருந்து அவர்களைக் 'கோமெட்' என்ற ரகசியப் பாதை ஏற்றுக்கொண்டது. அதை 1941இல் தொடங்கியவர் ஆந்த்ரே டி ஜோங் என்ற பெல்ஜியப் பெண். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. பிரஸ்ஸல்ஸில் மறைவு வீடுகள், போலி அடையாள அட்டை, உள்ளூர்ச் சட்டை. ரயிலில் பாரிஸ். அங்கிருந்து பிரான்ஸின் தென்மேற்கு மூலை. பிறகு இரவோடு இரவாக, பாஸ்க் கடத்தல்காரர் ஒருவர் வழிகாட்ட, பிரனீஸ் மலையை நடந்து கடக்க வேண்டும். ஸ்பெயின் வழியாக ஜிப்ரால்டர். அங்கிருந்து இங்கிலாந்து. மொழி தெரியாத ஐந்து பேர் மூன்று நாடுகளைத் தாண்டி இப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

ஆந்த்ரேயை 1943 ஜனவரியில் ஜெர்மானியர்கள் பிடித்தார்கள். ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாமுக்குப் போய் உயிரோடு மீண்டார். அவருடைய அப்பா ஃப்ரெடெரிக்கும் இதே வேலையில் இருந்தவர். அவரை 1944இல் பாரிஸில் சுட்டுக் கொன்றார்கள். போருக்குப் பின் ஆந்த்ரே ஆப்பிரிக்காவில் தொழுநோய் மருத்துவமனைகளில் நர்ஸாக வேலை பார்த்தார். 2007இல் தொண்ணூறு வயதில் காலமானார். என்னைக் கேட்டால் இந்தக் கதையில் அதிகத் துணிச்சல் யாருடையது என்ற போட்டியில் மான்சருக்கு முதலிடம் உறுதியில்லை. அவருடைய துணிச்சல் ஒரு இரவு. இவர்களுடையது ஆண்டுக்கணக்கில், ஒவ்வொரு முறை கதவு தட்டப்படும்போதும்.

திரும்பியவர்களில் சிலர் மறுபடி பறந்தார்கள். பேவிஸ்டாக் கடலோரப் படைக்கு மாறிச் தண்ணீரில் இறங்கி ஏறும் சண்டர்லாண்ட் விமானத்தை ஓட்டி, 1944இல் இரண்டு ஜெர்மன் நீர்மூழ்கிகளை மூழ்கடித்தார். வயர்லெஸ் இயக்கிய ஹார்ஸ்லி பின்னர் தானே விமானியாகிப் புகழ்பெற்ற 617ஆவது ஸ்குவாட்ரனில் பறந்தார்.

விக்டோரியா கிராஸ் எப்படிக் கிடைத்தது?

அந்த ஐந்து பேர் வந்து சொன்னதால்.

மே 31 காலை ஸ்கெல்லிங்தார்ப்பில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: விமானம் வரவில்லை. பெற்றோருக்குத் தந்தி போயிருக்கும். அந்தத் தந்திகளில் 'காணவில்லை' என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. ஐவரும் ஊர்வந்து நடந்ததைச் சொன்ன பிறகுதான் பரிந்துரை மேலே போனது. 1942 அக்டோபர் 20 அன்று அரசிதழில் விருது அறிவிப்பு வந்தது. மான்செஸ்டர் விமானக் குழுவினர் யாருக்கும் கிடைத்த ஒரே விக்டோரியா கிராஸ் அது.

பிரிட்டனின் அந்த மிக உயர்ந்த வீர விருதுக்குச் சாட்சி தேவை. செத்துப்போன ஆள் வந்து சொல்ல மாட்டார். கூட இருந்தவர்கள் பிழைத்திருக்க வேண்டும், அவர்கள் சொல்லுமிடத்துக்கு வந்து சேர்ந்திருக்கவும் வேண்டும். கனடாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ மினார்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1944 ஜூன் 13 அன்று பிரான்ஸில் எரியும் லாங்காஸ்டருக்குள், வால்பகுதித் துப்பாக்கிக் கூண்டில் சிக்கிக்கொண்ட நண்பனை மீட்கத் தீக்குள் தவழ்ந்து போனார். முடியவில்லை. தன் உடை எரிய எரிய நின்று நண்பனுக்கு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். தீக்காயத்தால் செத்தார். சாக வேண்டிய அந்த நண்பன் பாட் ப்ரோஃபி, விமானம் தரையில் மோதியபோது கூண்டோடு தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தார். அவர் பிழைத்திராவிட்டால் அந்தக் கடைசிக் காட்சி யாருக்கும் தெரிந்திருக்காது. மினார்ஸ்கிக்கு விருது 1946இல்தான் வந்தது.

அப்படியென்றால் சாட்சி இல்லாமல் செத்தவர்கள்?

மிகப் பலர். இருட்டில், எட்டுப் பத்தாயிரம் அடி உயரத்தில், ஒரு விமானியின் கால் மிதியில் இருந்ததா இல்லையா என்று யார் பார்த்தார்கள்? எரிந்த விமானத்தின் சிதைவில் மற்ற உடல்கள் எல்லாம் தொலைவில் கிடக்க, விமானியின் உடல் மட்டும் இருக்கையில் இருந்தால் ஊகிக்கலாம். ஊகத்துக்கு விருது கிடையாது.

போர் முடிந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையின் கணக்கில் காணாமற்போனவர்கள் 41,881 பேர். அவர்களைத் தேடுவதற்கென்றே ஒரு பிரிவு அமைத்தார்கள். அந்தப் பிரிவின் அதிகாரிகள் ஐரோப்பாவின் கிராமங்களில் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள், பெயரில்லாத கல்லறைகளைத் தோண்டினார்கள், சட்டைக் காலரில் இருந்த சலவைக் குறியையும் எஞ்சினில் பொறித்த எண்ணையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். அத்தனைக்குப் பிறகும் கல்லறை இல்லாதவர்கள் 20,000 பேருக்கு மேல். லண்டனுக்கு மேற்கே ரன்னிமீட் குன்றில் உள்ள நினைவகச் சுவர்களில் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. திப்பு சுல்தானின் வழிவந்த நூர் இனாயத் கானின் பெயரும் அங்கேதான். அவர் பிரான்ஸில் ரகசிய வயர்லெஸ் இயக்கி, டாகாவ் முகாமில் கொல்லப்பட்டவர். விமானப்படையின் பெண்கள் பிரிவில் இருந்ததால் அங்கே இடம்.

கீழே, கொலோனில் செத்தவர்களைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

பேச வேண்டும். அன்றிரவு நகரில் 469 பேர் செத்தார்கள். அவர்களில் 411 பேர் பொதுமக்கள். 45,000 பேர் வீடிழந்தார்கள். 3,300க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அடியோடு அழிந்தன. போட்ட குண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு தீக்குண்டுகள். ராணுவத் தொழிற்சாலையைக் குறிவைத்துத் தவறி விழுந்தவை என்று யாரும் சாக்குச் சொல்லவில்லை. 1942 பிப்ரவரி 14 அன்று வந்த உத்தரவு, நகரங்களில் வாழும் மக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மனவுறுதியைக் குலைப்பதே நோக்கம் என்று சொன்னது. மான்சர் சுமந்துபோன 1,260 தீக்குண்டுகள் அந்த நோக்கத்தின் ஒரு துணுக்கு.

லண்டனும் கோவென்ட்ரியும் அதற்கு முன்பே எரிந்திருந்தன, வார்சாவும் ராட்டர்டாமும் அதற்கும் முன்பே. இது விளக்கம், கொலோனில் ஒரு குழந்தைக்கு இதைச் சொல்லிச் சமாதானப்படுத்த முடியாது. இருபது வயது விமானிக்கு நகரத்தைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் குண்டுகளை விடுவிக்கும் பொத்தான் அவர் விமானத்தில் இருந்தது. ஆறு பேருக்காகத் தன் உயிரைக் கொடுத்தவரும், முகம் தெரியாதவர்கள் தலையில் தீயைக் கொட்டியவரும் ஒரே ஆள், ஒரே இரவில், ஒரு மணி நேர இடைவெளியில். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்கப் பார்க்கும் கட்டுரைகள் இரு தரப்பிலும் நிறைய இருக்கின்றன. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை.

பிரிட்டனுக்கே இந்தச் சங்கடம் இருந்தது. போர் முடிந்ததும் குண்டுவீச்சுப் படையைப் பற்றி அரசியல்வாதிகள் பேசுவதைத் தவிர்த்தார்கள். லண்டன் கிரீன் பார்க்கில் அவர்களுக்கென்று ஒரு நினைவுச்சின்னம் 2012இல்தான் திறக்கப்பட்டது. எல்லாத் தரப்பிலும் செத்தவர்களை நினைக்கும் வரியும் அதில் பொறிக்கப்பட்டது.

இந்தப் பையன்களுக்குப் பயமே இல்லையா?

இருந்தது. மறைத்தார்கள். ஒரு சுற்று என்பது முப்பது தாக்குதல்கள். அது முடிந்தால் சில மாதம் ஓய்வு. இறந்தவர்களின் விகிதம் நூற்றுக்கு நாற்பத்து நான்கு. அவர்களுக்குக் கணக்குத் தெரியும். முடியாது என்று சொன்னவர்களின் கோப்பில் 'மனத்திண்மை இல்லாதவர்' என்று எழுதிப் பதவியைப் பறித்து அனுப்பினார்கள். பல பேருக்குச் சாவைவிட அந்த அவமானம் பெரிய பயம். திரும்பாதவரின் கட்டிலை மறுநாளே காலி செய்து, சாமான்களைக் கட்டி வீட்டுக்கு அனுப்பத் தனி ஆட்கள் இருந்தார்கள். வீட்டார் பார்க்கக் கூடாத கடிதம் எதுவும் இருந்தால் எடுத்துவிடுவார்களாம். சாயங்காலம் அந்தக் கட்டிலில் புதிய பையன்.

அவர் குடும்பத்தில் இன்னொரு விக்டோரியா கிராஸ் உண்டு என்பது உண்மையா?

உண்மை. அதுவும் இந்திய மண்ணில் வந்தது. லெஸ்லியின் சகோதரி மேவிஸின் கணவர் ஜான் நீல் ராண்டில், காசியில் பிறந்தவர். தரைப்படையில் கேப்டன். 1944 மே 6 அன்று கோஹிமாவில், தன் ஆட்களைத் தடுத்து நிறுத்திய ஜப்பானிய பதுங்குகுழி ஒன்றை நோக்கித் தனியாக ஓடினார். குண்டுபட்டும் நிற்காமல் அதன் துவாரத்துக்குள் கையெறிகுண்டைப் போட்டுவிட்டு, தன் உடலாலேயே அந்தத் துவாரத்தை அடைத்தார். வயது இருபத்தாறு. மேவிஸ் என்ற பெண் இரண்டே ஆண்டுக்குள் சகோதரனையும் கணவனையும் இழந்தார். வீட்டுக்கு இரண்டு பதக்கம்.

ராண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது அவருடைய அறைத்தோழர் லெனார்ட் செஷயர். அவரும் குண்டுவீச்சு விமானி, அவரும் விக்டோரியா கிராஸ், ஆனால் பிழைத்தவர். மாற்றுத்திறனாளிகளுக்காக இந்தியாவில் பல ஊர்களில் இயங்கும் செஷயர் ஹோம்கள் அவர் தொடங்கிய இயக்கத்தைச் சேர்ந்தவை.

தமிழர் வாழும் நாடுகளுக்கும் இந்தப் படைக்கும் தொடர்பு உண்டா?

ஆட்களைவிடப் பணத்தில் தெளிவாகத் தெரியும். போருக்கு நன்கொடை திரட்டிக் கொடுத்த காலனிகளின் பெயரைச் ஸ்குவாட்ரன்களுக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. 102ஆவது ஸ்குவாட்ரனுக்கு 'சிலோன்' என்று பெயர். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் பெயர் 97ஆவதுக்கு. இரண்டுமே குண்டுவீச்சு ஸ்குவாட்ரன்கள். சென்னை மாகாணத்தின் பெயர் 264ஆவதுக்கு. அது போர்விமானப் பிரிவு.

அவருடைய கல்லறையைப் பார்க்க முடியுமா?

முடியும். பெல்ஜியத்தில் லூவென் நகரை ஒட்டிய ஹெவெர்லி போர்க் கல்லறையில் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸிலிருந்து லூவெனுக்கு ரயிலில் அரைமணி நேரந்தான். கட்டணம் கிடையாது. விமானம் விழுந்த பகுதியிலும் நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் லிங்கனுக்குப் போகலாம். குன்றின் மேல் உள்ள பன்னாட்டு குண்டுவீச்சுப் படை மையத்தில், ஒரு லாங்காஸ்டரின் இறக்கை நீளத்துக்கு, அதாவது 31 மீட்டர் உயரத்துக்கு, இரும்புத் தூண் எழுப்பியிருக்கிறார்கள். சுற்றியுள்ள சுவர்களில் சுமார் 58,000 பெயர்கள். அகரவரிசையில் இருப்பதால் மான்சரைக் கண்டுபிடிப்பது எளிது. ஸ்கெல்லிங்தார்ப் ஓடுபாதை இருந்த இடத்தில் இப்போது பர்ச்வுட் என்ற குடியிருப்பு. அங்கே கட்டிய தொடக்கப் பள்ளி ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குக் கோஹிமா. அவருடைய மைத்துனர் ராண்டிலின் கல்லறை அங்குள்ள படிப்படியான போர்க் கல்லறைத் தோட்டத்தில், 1,420 கல்லறைகளுக்கு நடுவே. அதே தோட்டத்தின் மேல்தளத்தில், இந்து, சீக்கிய முறைப்படி எரியூட்டப்பட்ட 917 வீரர்களின் பெயர்ப்பட்டியல் தனியாக இருக்கிறது. மேலே ஏறாமல் திரும்பிவிடாதீர்கள். திமாப்பூர் வரை ரயில், அங்கிருந்து ஷேர் டாக்ஸி. நாகாலாந்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் வேண்டும், அதை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.